இலவசம் என்றால் எட்டும் என்று அர்த்தமா? சுகாதார ஒப்புரவு பற்றி ஓர் எளிய விளக்கம்

நெடுந்தீவில் இருக்கும் ஒருவருக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியப்புறம் எழும்பி இறங்குதுறைக்கு வந்து, ஒரு மணித்தியாலம் படகில் ஆடிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் எல்லாம் தாண்டி வரவேண்டும். காற்றுக் காலத்தில் படகு ஓடாவிட்டால் அன்றைக்குக் கிளினிக் இல்லை. நல்லூரில் இருப்பவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சைக்கிளில் வந்து நம்பர் எடுத்துவிடுவார். இரண்டு பேருக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே டொக்டர், அதே மருந்து. இரண்டு பேரிடமும் ஒரு சதம் வாங்குவதில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் அது ஒரே மாதிரி எட்டுகிறது என்று சொல்ல முடியுமா?

சுகாதார ஒப்புரவு என்ற கருத்து இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பது சமம். யாருக்கு எது குறைகிறது என்று பார்த்து, எல்லோரும் சுகமாக வாழும் அளவுக்கு நிரவிக் கொடுப்பது ஒப்புரவு. நெடுந்தீவுக்கென்று ஒரு வைத்தியசாலை வேண்டும், அவசர நோயாளரைக் கடலால் ஏற்றிவர ஏற்பாடு வேண்டும் என்று கேட்டால், அதென்ன தீவுப்பகுதியாருக்கு மட்டும் சலுகை என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. நடுவில் கடல் கிடப்பது எல்லோருக்கும் தெரிகிறது.

தரையிலேயே, ஆஸ்பத்திரி வாசலில் இருந்து நடந்துபோகும் தூரத்திலேயே இருந்தும் போக முடியாமல் சிலர் இருக்கிறார்கள். பாலீர்ப்பாலும் பால்நிலையாலும் சிறுபான்மையாக இருப்பவர்கள் அவர்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

நான் வைத்தியர் இல்லை. யாழ் நகரத்தில் ஒரு பாமசியில் பதினாறு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு, டொக்டரிடம் போனவர்களையும் தெரியும், போகாதவர்களையும் தெரியும். போகாதவர்கள் என்னிடம்தான் முதலில் வருவார்கள்.

எந்த வித்தியாசம் அநியாயம்?

மனிதருக்கு மனிதர் சுகம் வித்தியாசப்படத்தான் செய்யும். எண்பது வயது அப்பாவுக்கு இருபது வயது மகனை விட வருத்தம் கூட. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. பிரித்தானியாவின் மார்கரெட் வைட்ஹெட் என்ற பொதுச் சுகாதார அறிஞர் 1990களின் தொடக்கத்தில் இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி சொன்னார். ஒரு வித்தியாசம் தேவையில்லாதது, தவிர்க்கக்கூடியது, அதோடு நியாயமற்றது என்றால், அது ஒப்புரவுக் கேடு. இன்றுவரை பெரும்பாலானோர் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்.

ஒரு பெண்ணுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரலாம், ஆணுக்கு வராது. அது உடலமைப்பு. அந்தப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை ஊரிலேயே இலவசமாக இருந்தும், ஒரு திருநம்பி (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்) பெண்கள் வரிசையில் போய் நிற்க முடியாமல் பரிசோதிக்காமலே விடுகிறார் என்றால், அந்த வித்தியாசத்தை உடம்பு உண்டாக்கவில்லை. வரிசையை அமைத்த விதம்தான் உண்டாக்கியது. அதை மாற்றலாம்.

1950களின் தொடக்கத்திலிருந்து இந்த நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் இலவசம். அதன் அருமை எனக்குத் தெரியும். என்னுடைய அம்மாவின் சத்திரசிகிச்சையை நாங்கள் காசு கொடுத்துச் செய்திருக்க முடியாது. அதனால்தான் அது எல்லோருக்கும் எட்டவேண்டும் என்று இவ்வளவு அக்கறைப்படுகிறேன்.

சொற்கள்

இரண்டு விசயத்தைப் பிரித்து விளங்கிக்கொண்டால் மிச்சம் இலகு. ஒருவருடைய மனம் யாரை நாடுகிறது என்பது பாலீர்ப்பு. ஒருவர் தன்னை ஆணாக, பெண்ணாக, அல்லது அந்த இரண்டுக்குள்ளும் அடங்காதவராக உணர்வது பால்நிலை அடையாளம். ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் நாடினால் தற்பாலீர்ப்பு. இரு பாலாரையும் நாடினால் இருபாலீர்ப்பு. பிறந்தபோது ஆண் என்று பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை, பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி, பொதுவாகத் திருநர். நிறமூர்த்தமோ, ஹோர்மோனோ, உறுப்போ வழக்கமான ஆண், பெண் அமைப்புக்குள் அடங்காமல் பிறப்பவர்கள் ஊடுபாலினர். ஒரு திருநங்கைக்கு ஆண் மீதும் ஈர்ப்பு வரலாம், பெண் மீதும் வரலாம். ஒன்றை வைத்து மற்றதைக் கணிக்க முடியாது.

இவர்கள் எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் சுகாதாரத்தில் பிழைத்துவிடும், தேவைகள் வேறு வேறு என்பதால். ஊடுபால் குழந்தைக்குத் தேவை, விபரம் தெரியாத வயதில் அவசரமாகக் கத்தி வைக்காமல் இருப்பது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 இல் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அப்படிச் சத்திரசிகிச்சை செய்யக்கூடாது என்று அரசாணையே வந்தது. தற்பாலீர்ப்புள்ள ஓர் இளைஞனுக்குச் சத்திரசிகிச்சையும் வேண்டாம், ஹோர்மோனும் வேண்டாம். பயப்படாமல் வாய் திறக்க ஓர் இடம் போதும்.

தெருவில் இவர்களுக்குப் பாவிக்கும் சொற்களை நான் இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். மானிப்பாயில் 19 ஆம் நூற்றாண்டில் வேலை செய்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். உறுப்புக்கும் நோய்க்கும் தமிழில் சொல் தேடிய ஊர் இது. திருநங்கை, ஊடுபால் போன்ற சொற்களை வாயில் எடுக்க எங்களுக்குக் கூச்சம் வரவேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தற்பாலீர்ப்பு வருத்தம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று அதை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. திருநராக இருப்பதையும், 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 இல் நடைமுறைக்கு வந்த தன்னுடைய பதினோராவது நோய் வகைப்பாட்டில், மனநோய் அத்தியாயத்தில் இருந்து வெளியே கொண்டுவந்தது. பிள்ளையைக் கட்டாயப்படுத்திக் கலியாணம் செய்து வைத்தால் மாறும், கோயிலில் கொண்டுபோய்க் கட்டி வைத்தால் மாறும் என்று எங்கள் ஊரில் இன்னும் செய்கிறார்கள். அப்படி யாரும் மாறியதில்லை. அதற்குப் பிறகு நித்திரைக் குளிசை கேட்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

இரண்டு கதவுக்கு நடுவில்

சில வருடத்துக்கு முன் அம்மாவை ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண்கள் விடுதியில் விட்டிருந்தோம். நான் இரவு துணைக்கு நின்றேன். பதினொரு மணி போல ஒரு ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பூப்போட்ட நீளப் பாவாடை போட்ட ஒரு பிள்ளை, இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டு ஒரு பக்கமாகக் கிடந்தாள். சிறுநீரகக் கல் என்று பிறகு தெரிந்தது. அந்த நோவு வந்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

ரிக்கற்றில் ஆண் என்று எழுதியிருந்தது. பெண்கள் விடுதித் தாதி, இது ஆண்கள் விடுதிக்குப் போகவேண்டியது என்றார். ஆண்கள் விடுதியில், இங்கே எப்படி விடுகிறது என்றார்கள். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் ஏசவில்லை. என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான். ட்ரொலி இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைக் கொஞ்சம் தள்ளிவிட்டுப் போனார்கள். தள்ளுப்படும்போதெல்லாம் அதன் ஒரு சில்லு கீச்சிட்டது. அவள் ஒவ்வொரு கீச்சுக்கும் கண்ணைத் திறந்து பார்த்து மூடினாள். முக்கால் மணித்தியாலம்.

கடைசியில் வயதான ஒரு தாதி வந்தார். மூலையில் மடித்து வைத்திருந்த பச்சைத் திரையை உருட்டிக்கொண்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த கடைசிக் கட்டிலைச் சுற்றி மறைத்து, "இங்க விடுங்கோ, காலமை டொக்டரோட நான் கதைக்கிறன்" என்றார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து முனகல் கேட்டதும் அம்மா, "என்ன பிள்ளை, சரியா நோகுதோ? சுடுதண்ணி தரட்டோ?" என்று கேட்டார். "வேண்டாம் அம்மா. ஊசி போட்டிட்டினம்" என்று மெல்லமாகப் பதில் வந்தது.

கதவு இரண்டும் திறந்துதான் இருந்தது. மருந்து இருந்தது, கட்டில் இருந்தது, தாதிமார் இருந்தார்கள். ஒரு திரையும், அதை இழுத்துவிட அதிகாரம் உள்ள ஒருவரும் வரும்வரை அவளுக்கு ஒன்றும் எட்டவில்லை. ஒப்புரவுக் கேடு என்று நான் சொல்வது இதைத்தான். கெட்ட மனிதர்களால் வருவதை விட, இப்படி ஒருவர் வருவார் என்று யாரும் யோசிக்காமல் விட்ட ஏற்பாட்டினால் வருவதுதான் கூட.

ரிக்கற்றில் இருப்பது அடையாள அட்டையில் இருந்து வருகிறது. எங்கள் அடையாள அட்டை இலக்கத்திலேயே பால் எழுதப்பட்டிருப்பது பலருக்குத் தெரியாது. பிறந்த ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்று இலக்கம், அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆக, பெயரை மாற்றி, உடுப்பை மாற்றி, ஊரையே மாற்றினாலும், நம்பர் கொடுத்த உடனே எல்லாம் தெரிந்துவிடும். 2016 இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டுப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மனநல வைத்திய நிபுணரைச் சந்தித்து அதைப் பெற்றால் பிறப்புப் பதிவைத் திருத்தலாம், பிறகு அடையாள அட்டையையும் மாற்றலாம். நல்ல விசயம். ஆனால் கிளினிக்குக்குப் பல தடவை அலையவும், பிறகு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கவும் வேண்டும். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு பிள்ளைக்குப் பஸ் காசே பெரிய காசு.

"கலியாணம் முடிச்சிட்டியளோ?"

எங்கள் பக்கத்துக் கிளினிக்குகளில் ஒரு பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் உண்மையில் அறிய நினைப்பது, உடலுறவு இருக்கிறதா, பிள்ளை தங்கியிருக்கச் சாத்தியம் உண்டா, தொற்று வரச் சாத்தியம் உண்டா என்பதை. அதை நேரே கேட்கக் கூச்சம். அதனால் கலியாணத்தைக் கேட்டு மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறார்கள். இல்லை என்றால் ஒன்றும் இல்லை, ஓம் என்றால் புருசன்.

ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழும் பெண்ணுக்கு இந்தக் கேள்விக்குச் சரியான பதிலே கிடையாது. இல்லை என்று சொன்னால், தேவையான பரிசோதனை எழுதப்படாது. ஓம் என்று பொய் சொன்னால், புருசனைப் பற்றிய அடுத்த ஐந்து கேள்விக்கும் பொய் சொல்லவேண்டும். பெண்ணும் பெண்ணும் என்றால் தொற்று வராது என்று சில வைத்தியர்களே நினைக்கிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசு பிறப்புறுப்புப் பகுதியில் தோலோடு தோல் பட்டாலே தொற்றும். 2017 இல் இருந்து பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அதற்கான ஊசி போடுகிறார்கள். அதற்கு முந்திய வயதுக்காரருக்கு இருப்பது, அந்தப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பப் பரிசோதனைதான். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் இலவசமாகச் செய்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் ஊரில் அதைக் கலியாணம் முடித்தவர்களின் கிளினிக் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திருநம்பிக்கு இன்னும் கடினம். டெஸ்டொஸ்டரோன் எடுத்து மீசை வளர்ந்து குரல் உடைந்திருக்கும். கருப்பைக் கழுத்து அப்படியே இருக்கும், பரிசோதனையும் தேவை. மாதவிடாய் நின்றாலும் அது கருத்தடை ஆகாது, கரு தங்கக்கூடும். இதை அவருக்கு யார் சொல்வது? திருநங்கைக்கும் அதே போல, புரஸ்டேட் சுரப்பி இருக்கும். வயது போகும்போது அதைக் கவனிக்கவேண்டும். பெயரையும் உடுப்பையும் வைத்து நோயைக் கணிக்க வெளிக்கிட்டால் நோய் தப்பிவிடும். எந்த உறுப்பு இருக்கிறதோ அதற்கு வைத்தியம், எந்தப் பெயர் சொல்கிறாரோ அந்தப் பெயரால் மரியாதை. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும்.

சென்றியை நினைத்துப் பாருங்கள்

திருநருக்கும் தற்பாலீர்ப்பாளருக்கும் மன அழுத்தமும் பதகளிப்பும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏன் என்று விளக்குவதற்கு அமெரிக்காவின் இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003 இல் ஒரு கருத்தை விரித்து எழுதினார். தமிழில் சிறுபான்மை அழுத்தம் என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளங்கப்படுத்துவது மிகவும் இலகு.

சண்டைக் காலத்தில் சென்றியை, அதாவது இராணுவச் சோதனைச் சாவடியை, தாண்டிப் போனவர்களுக்குத் தெரியும். நூறு யார் தூரத்திலேயே சைக்கிளில் இருந்து இறங்கவேண்டும். ஐசியை, அடையாள அட்டையை, கையில் எடுத்துப் பிடிக்கவேண்டும். பையில் ஏதாவது இருக்கிறதா என்று மனம் ஒரு முறை துழாவும். நெஞ்சு அடிக்கும், வாய் காயும். பல நாட்களில் ஒன்றுமே நடக்காது; போ என்று கையைக் காட்டுவார்கள். ஆனால் உடம்பு ஒவ்வொரு நாளும் நடக்கப்போகிறது என்றே தயாராகும். சண்டை முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும், சீருடையைக் கண்டால் கை தன்பாட்டில் சட்டைப் பொக்கற்றுக்குப் போகிற ஆட்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.

ஒரு திருநங்கைக்குப் பஸ் ஸ்டாண்ட் ஒரு சென்றி. மலசலகூட வாசல் ஒரு சென்றி. பாமசிக் கவுண்டரும் சென்றிதான். தற்பாலீர்ப்புள்ள ஒரு பையனுக்குச் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையே சென்றி: குரல் எப்படி இருக்கிறது, கை எப்படி அசைகிறது, போனில் யாருடைய பெயர் வருகிறது என்று தன்னைத்தானே சோதனை போட்டுக்கொண்டு இருக்கிறான். அந்தப் பதற்றம் வருடக்கணக்கில் உடம்பில் ஏறும்போது நித்திரை கெடும், பிரசர் கூடும், குடி கூடும், சாகலாம் என்ற எண்ணம் வரும். அந்த மனதில் பிறவிக் குறை ஏதும் இல்லை. சென்றிகளின் எண்ணிக்கைதான் கூடிப்போனது. இதை வாசிப்பவர்களில் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

சண்டைக் காலப் பாதிப்புக்கு மனவடு என்று எங்களிடம் சொல் உண்டு. அதைப் புரிந்துகொண்ட சமூகத்துக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்காது என்று உண்மையாகவே நம்புகிறேன்.

கவுண்டருக்கு முன்னால்

வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் வைத்தியம் பார்த்த யூலியன் ரியூடர் ஹார்ட் என்ற டொக்டர் 1971 இல் ஒன்றை எழுதினார்: நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. தலைகீழ் வைத்திய விதி என்று அதைச் சொல்கிறார்கள். என்னுடைய கவுண்டரில் அதை நான் கண்ணால் காண்கிறேன்.

ஒரு பிள்ளை வரும். மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்து வரும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை நான்கு கார்ட் கேட்கும். "அக்காவுக்கு" என்று சொல்லும். ஒரு மாதத்துக்கு ஒரு கார்ட் போதும். மூன்று கிழமையில் திரும்ப நான்குக்கு வரும். கொஞ்ச நாள் கழித்து எனக்கு விளங்கியது. அவள் திருநங்கை, டொக்டரிடம் போகப் பயம், உடம்பைப் பெண்ணாக மாற்ற ஹோர்மோன் வேண்டும், சிநேகிதி யாரோ சொன்ன அளவில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு என்று விழுங்குகிறாள்.

அந்த மாத்திரைகளில் இருப்பது பெரும்பாலும் எதினைல் எஸ்ட்ராடையோல் என்ற செயற்கை ஹோர்மோன். அளவுக்கு மிஞ்சினால் இரத்தம் கட்டியாக உறையும் ஆபத்து கூடும், சிகரெட்டும் பிடித்தால் இன்னும் கூடும். திருநங்கைகளுக்கு ஹோர்மோன் கொடுக்கும் வைத்தியர்கள் இந்த வகையைத் தவிர்த்து வேறு வகை எஸ்ட்ரோஜனைத் தான் கொடுப்பார்கள், இடையிடையே இரத்தம் சோதித்து அளவைப் பார்ப்பார்கள். டெஸ்டொஸ்டரோன் எடுப்பவருக்கும் இரத்தம் தடிக்கிறதா என்று சோதிக்கவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, திடீரென்று மூச்சு முட்டுவது என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

இதை எல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மாத்திரை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். இன்னொரு கடையில் வாங்கியிருப்பாள். அது பிழையான வேலை. இப்போது என்றால், "தங்கச்சி, கொஞ்சம் இப்படி வாங்கோ" என்று பக்கத்தில் கூப்பிட்டு, உறைகிற ஆபத்தைச் சொல்லி, எந்தக் கிளினிக்குக்குப் போகலாம் என்றும் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன், வேறு பிள்ளைகளுக்கு.

பருத்தித்துறையார் மருந்து வாங்க யாழ்ப்பாணம் வருவதும், யாழ்ப்பாணத்தார் சாவகச்சேரிக்குப் போவதும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். இது சின்ன ஊர். நம்பர் கொடுப்பவர் பெரியம்மாவின் மகளாக இருப்பார், தாதி பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவராக இருப்பார். வெளிநாடுகளில் எழுதப்பட்ட சுகாதார ஒப்புரவுக் கையேடுகளில் இந்தச் சிக்கலுக்குப் பெரிதாக இடம் இல்லை. எங்களுக்கு இதுதான் முதலாவது சிக்கல். இரகசியம் காக்கும் வைத்தியமே இங்கே பாதி வைத்தியம்.

அந்த வகையில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் முன்மாதிரி. தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் தடுப்பு வேலைத்திட்டத்தின் கீழ் இயங்கும் இந்த நிலையங்களுக்கு யாருடைய கடிதமும் இல்லாமல் நேரே போகலாம்; காசு இல்லை, விபரம் வெளியே போகாது. எச்.ஐ.வி. பரிசோதனை, சிகிச்சை எல்லாம் அங்கே உண்டு. ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரசு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடம் இருந்து உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. தொற்று வராமல் முன்கூட்டியே எடுக்கும் மாத்திரையும் இருக்கிறது. சொன்னபடி எடுத்தால் உடலுறவால் தொற்றும் ஆபத்தைச் சுமார் 99 வீதம் குறைக்கும். பயத்தால் சோதிக்காமல் இருப்பதுதான் உயிரை எடுக்கிறது.

பயத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கும், 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போனவை. 1995 இல் திருத்தியபோது நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் உள்ளே சேர்த்தார்கள். 2023 மே மாதம், இதை மாற்ற வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று இலங்கை உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் அந்த நாடாளுமன்றம் கலைந்தது. தன்னைக் குற்றவாளி ஆக்கும் ஒரு விபரத்தை முன்பின் தெரியாத டொக்டரிடம் சொல் என்று ஒருவரை எப்படிக் கேட்பது?

சரி, என்ன செய்யலாம்?

இவர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பெரும்பாலானவை சின்ன விசயங்கள். பெயரைச் சத்தமாகக் கூப்பிடாமல் நம்பரைக் கூப்பிடலாம். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வரிக்கு இடம் விடலாம். ஒவ்வொரு விடுதியிலும் ஒரு திரையும், அதை எப்போது யார் இழுப்பது என்று எழுதிய ஒரு அறிவுறுத்தலும் வைக்கலாம். சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைக்கச் சொந்தக்காரர் யார் என்று கேட்கும்போது, உங்களுக்கு யார் வேண்டும் என்று நோயாளியிடமே கேட்கலாம். பத்து வருடம் கூட வாழ்ந்தவரை வெறும் சிநேகிதர் என்று வாசலில் மறித்துவிட்டு, முகமே பார்க்காத தமையனைத் தேடுவது நோயாளிக்கு உதவாது. தாதிமார் பயிற்சியிலும் பாமசிக்காரர் பயிற்சியிலும் இதற்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும். எனக்கு அந்த ஒரு நாள் கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பியிருக்க மாட்டேன்.

இத்தனை பேர் மருந்துக்கு வரிசையில் நிற்க, ஒரு சிலருக்காக இவ்வளவு செய்யவேண்டுமா என்று கேட்பார்கள். என்னுடைய சொந்த மாமாவே கேட்டார். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கடையில் வெறும் இறாக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அந்தக் கேள்வியின் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் மேலே சொன்னவற்றில் மருந்துச் செலவு எங்கே இருக்கிறது? நம்பரால் கூப்பிட்டால் காசநோய்க்காரருக்கும் நிம்மதி. கலியாணத்தைக் கேட்காமல் நேரே விசயத்தைக் கேட்டால், சண்டையில் புருசனை இழந்து தனியாக வாழும் எத்தனையோ பெண்களுக்கும் சங்கடம் குறையும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பநல உத்தியோகத்தர் வடமராட்சிப் பக்கம் வேலை செய்கிறார். ஊரையும் வயதையும் மாற்றித்தான் இதை எழுதுகிறேன். ஆள் யாரென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வருடத்தில் இருந்து அவர் கலியாணக் கேள்வியை விட்டுவிட்டு, "வீட்டில உங்களோட ஆர் இருக்கினம்?" என்று கேட்கத் தொடங்கினாராம். நாற்பது தாண்டிய ஒரு பெண், பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தாராம்.

"நானும் என்ர சிநேகிதியும்தான் மிஸ். பதினொரு வருசமா."

இவர் கொப்பியில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அவவுக்கும் முப்பத்தைஞ்சு தாண்டிட்டுதோ?"

"ஓம்."

"அப்ப வாற கிளினிக்குக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்கோ. சாப்பிட்டிட்டு வரலாம், பட்டினி இருக்கத் தேவையில்லை."